கரையா எச்சம்

முசஃபா, எம் பதினேழு.
டயர் கிடங்குக்கும் அலுமினியப் பட்டறைக்கும் நடுவில்
எங்கள் மண் பரிசோதனைக் கூடம்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே ஏசி சொட்டும் வாளியை மாற்றுவதும்
என் வேலையில் சேர்த்தி.

கடலைத் தோண்டிய மணல் வருகிறது
கடலைத் தூர்ப்பதற்கு.
குல் ஜமான் மூட்டையைச் சாய்த்து
"சாவல்" என்று சிரிக்கிறான்.
அரிசிதான். நொய்யரிசி.
உப்பு வாடை மட்டும் கூடுதல்.

கழுவு. நூற்றைந்து டிகிரியில் காய வை. சலி.
ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு சல்லடை.
கடைசிச் சல்லடையில் கிழிசல் இருக்கிறதா பார்க்க
மரிசெலின் நுண்ணோக்கியை இரவல் கேட்டேன்.
கிழிசலைப் பார்க்கவே இல்லை.

பூண்டுப் பல் ஒன்று.
முறுக்குச் சுற்றத் தொடங்கி
பாதியில் கையெடுத்தாற்போல் ஒன்று.
விசிறி. பீங்கான் வழவழப்பு.
மேலெல்லாம் நகக்கீறல் மாதிரி வரிகள்.

"போராம்" என்றாள் மரிசெல், சூயிங்கத்தை மென்றபடி.
ஒரே ஒரு செல், அதற்கு ஒரு வீடு.
கண் கிடையாது, கை கிடையாது,
யோசிக்க ஒரு தலையும் கிடையாது.
கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை
இழுத்து இழுத்துச் சுவராக்கும்.
வளர்ந்தால் இன்னோர் அறை,
முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிதாக.
பழைய வாசல் நடைவழியாகிவிடும்.
எந்த அறையையும் காலி செய்வதில்லை,
கடைசி நாள் வரை.

கடைசி நாளும் நம்முடையதைப் போல இல்லை.
உடம்பு மொத்தமும் பிள்ளைகளாகப் பிரிந்து
வாசல் வழியே போய்விடும்.
விமானத்தில் ஏற்றி அனுப்ப
எதுவும் மிஞ்சாது.
வீடு மட்டும் கிடக்கும், திறந்தபடி.

அந்த வீடுகளில் பத்து கிராம் நிறுத்து
அமிலம் ஊற்றுவது என் வேலை.

சோடா உடைத்த சத்தம்.
நுரை விளிம்புவரை ஏறி இறங்குகிறது.
எந்தக் காலத்திலோ கடல் பிடித்துவைத்த காற்று
புகைபோக்கி வழியே முசஃபாவுக்குள் கலக்கிறது,
டீசல் புகையோடு, பரோட்டா வாசனையோடு.
படிவத்தில் எழுதுகிறேன்:
கார்பனேட், நூற்றுக்கு எண்பத்து நான்கு.
எத்தனை வீடு என்று கேட்கும் கட்டம்
படிவத்தில் இல்லை.

வடிதாளில் எப்போதும் கொஞ்சம் தங்கும்.
தமிழில் அதைக் கரையா எச்சம் எனலாம்.
எச்சம் என்றால் பிள்ளை என்றும் பொருள்,
பறவை போட்டுவிட்டுப் பறந்தது என்றும் பொருள்,
முடியாமல் நிற்கும் வினைக்கும் அதே பெயர்.
இங்கே பெரும்பாலும் அது
ஷமால் காற்று பாலைவனத்திலிருந்து கொண்டு கொட்டிய
குவார்ட்ஸ் தூள்.

வியாழக்கிழமை
தூளுக்கு நடுவே ஒன்று உருண்டையாக நின்றது.

சுண்ணாம்பு சுரக்கத் தெரியாத இனம் அது.
அக்கம்பக்கம் கிடக்கும் மணலைப் பொறுக்கி
உடம்பில் ஊறும் பசையால் ஒட்டிக் கட்டும்.
எல்லா மணலும் ஒரே அளவு.
ஏழு சல்லடையும் சான்றிதழும் வைத்துக்கொண்டு
இத்தனை சுத்தமாக நான் சலித்ததில்லை.
மணல் போதாத இடத்தில்
செத்துப்போனவற்றின் ஓட்டுத் துண்டையும்
வைத்து ஒட்டியிருக்கும் போல.
அமிலத்தில் அவை மட்டும் கரைந்துவிட்டன.
கரைந்த இடமெல்லாம் சன்னல்.
சுவர் நிற்கிறது.

கையெழுத்துக்கு வந்த பொறியாளர் ஹைதம் கேட்டார்:
"மீதி பதினாறு என்ன?"
"மணல், சார்."
சொன்னதும் நாக்கு சுட்டது,
சுண்ணாம்பு கூடிப்போன வெற்றிலை போல.
வெற்றிலைக்கு இங்கே தடை.
போட்டு ஐந்து வருஷம் ஆகிறது.

மாதிரி தேறிவிட்டது.
சனிக்கிழமையிலிருந்து லாரி ஓடும்.
அந்த மணல்மேல் நாற்பது மாடி எழும்பும்,
சன்னலெல்லாம் கடல் பார்த்து.

தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.
வடிதாளை மட்டும் நான்காக மடித்து
பின்பாக்கெட்டில், அடையாள அட்டை உறைக்குள்
வைத்திருக்கிறேன்.
அன்றிலிருந்து பஸ்ஸில்
கொஞ்சம் மெதுவாகத்தான் உட்காருகிறேன்.